பாதி முகத்துக்கு நுங்கு நீர்

சித்திரை வெயிலில் சாந்தோம் கடற்கரை மிதப்பது போலிருக்கிறது. காலை ரயிலில் வந்த அலுப்பில், கரையேற்றிய படகின் நிழலில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன். என்னை எழுப்பாமலே நிழல் நகர்ந்துவிட்டது. விழிக்கும்போது வலது கன்னம் மட்டும் தணலாய் எரிகிறது. சாயங்காலம் மயிலாப்பூரில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

பக்கத்தில் நுங்கு விற்கும் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இன்னா நைனா, ஒரு பக்கந்தான் செவந்துகீது? பாதி வெக்கமா?"

விஷயத்தைச் சொல்கிறேன். அவள் ஒரு நுங்குச் சுளையைப் பிதுக்கி, அந்த நீரை என் கன்னத்தில் தடவுகிறாள். குளிர்ச்சி கண் வரை ஏறுகிறது. அலைச்சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விடுகிறது. வழிகிற நீர் உதட்டில் இனிக்கிறது. பார்க்கப் போகும் பெண்ணின் பெயர்கூட ஒரு கணம் மறந்துபோகிறது.

"எரிச்சல் அடங்கிப்பூடும். செவப்பு ராத்திரி வரிக்கும் போவாது," என்கிறாள். "பயப்படாதே. பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னுகினுதான் பாக்கும். உன் மூஞ்சி ஒரு பக்கந்தான் தெரியும்."

"எந்தப் பக்கம்?"

அவள் அடுத்த நுங்கைச் சீவத் தொடங்குகிறாள்.

"அது உன் தலையெழுத்து, நைனா."