மெத்தை அண்ணனுக்கு நான் போட்ட டிக்

அவரை எல்லோரும் 'மெத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஆள் ஒல்லிக்குச்சி. அவர் ஓட்டும் பேருந்து நிறுத்தத்தில் நின்றதே தெரியாது, அவ்வளவு பூப்போல பிரேக் போடுவார். இருபத்தாறு வருட சர்வீஸில் நின்றுகொண்டு வந்த ஒருவரைக்கூடத் தடுமாற விட்டதில்லை என்று அவரே பீற்றிக்கொள்வார். சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றுகூட அவர் பயந்தது உயிருக்கு இல்லை, ஸ்டியரிங்குக்கு.

நான் எங்கள் தெருமுனை டாக்டரம்மாவிடம் இருபது வருடமாக நர்ஸ். அவர் சர்க்கரைக்காரர்களை லேசில் விடமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எல்லாம் பார்த்தாக வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லி, தானே குனிந்து விரலிடுக்கு வரை பார்ப்பார். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரும் கண்ணும். கண்ணுக்கு மட்டும் வெளியே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கொடுக்கும் சீட்டை வாங்கிப் பார்த்து, அவரவர் அட்டையில் டிக் போடுவது என் வேலை. சீட்டைக் கண்ணால் பார்க்காமல் போடாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மெத்தை அண்ணன் கண் என்றாலே நழுவுவார்.

"மருந்து ஊத்தினா அன்னைக்குப் பூரா மங்கலாத் தெரியும் சிஸ்டர். வண்டி எடுக்க முடியாது. அப்புறம் டிப்போல ஏன், எதுக்குன்னு குடைவாங்க."

"கதை விடாதீங்கண்ணே. ஒரு நாள் லீவு போட்டா பஸ்ஸு அழுதுருமா?"

"அடுத்த தடவை கண்டிப்பா."

அடுத்த தடவை வந்து, "போயிட்டு வந்துட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. சீட்டு வீட்டுல இருக்கு" என்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு. பொய் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நானும் சிரித்துவிட்டு டிக் போட்டு, பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதினேன். மறுவருடமும் அதே கூத்து. பாவி, என் கை கூசவே இல்லை.

அதிலிருந்து ஆறாவது மாதம் ஒரு காலையில், வண்டி நிறைய ஆட்களோடு போகும்போது, அவர் வலது கண்ணுக்குள் கறுப்பு மையைக் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. அப்போதும் மெதுவாக ஓரங்கட்டி நிறுத்தி, "எல்லாரும் இறங்கி அடுத்த வண்டியில போங்க" என்றிருக்கிறார். சேதி கேட்டு ஓடிய அவர் மனைவி, எங்கள் அண்ணி, அவர் கையைப் பிடித்து நேரே எங்களிடம் அழைத்து வந்தார்.

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். அட்டையைப் புரட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆறு மாசம் முன்னாடிதானே நார்மல்னு சொல்லியிருக்காங்க! எந்த ஆஸ்பத்திரிங்க அது?"

மெத்தை அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஞாபகம் இல்லீங்க டாக்டர்."

கண் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் என்னைக் காப்பாற்றுகிறார், மனுஷன்! டாக்டரம்மா அவசரக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன என்று எழுதுகிறார். அதை நம்பினால் அங்கே காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள், இடது கண்ணை ஆறப்போடுவார்கள். மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான்.

"எழுதாதீங்க டாக்டர். அண்ணன் போகவே இல்லை. சீட்டைப் பார்க்காம நான்தான் டிக் போட்டேன். ரெண்டு வருஷமும்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகை விட்டுப் போகவில்லை. "பொய் சொன்னது நான்தானே, சிஸ்டரைத் திட்டாதீங்க" என்றார் அண்ணன். டாக்டரம்மா திட்டவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண் ஒருமுறைகூடப் பார்க்கப்படவில்லை என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்.

இடது கண்ணிலும் கோளாறு தொடங்கியிருந்தது. லேசர் வைத்து அதைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது போனது போனதுதான், வேலையும் போயிற்று. இப்போது பயணியாகப் பேருந்தில் வந்து இறங்குகிறார். "இப்ப ஓட்டுறவன் பிரேக் போட்டா பல்லு ஆடுது சிஸ்டர்" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என்னைத் தூங்கவிடாதது அவர் கண் மட்டும் இல்லை. அவரை அனுப்பிவைத்த அன்று மாலை, கூட்டம் கலைந்த பிறகு, டாக்டரம்மா நோயாளிகளின் அட்டைகள் இருந்த பெட்டிகள் முழுவதையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைக்காரர்கள் மட்டும் இருநூற்றுப் பதினாறு பேர்.

"இதுல எந்த டிக்கை சீட்டைப் பார்த்துப் போட்டே, எதைப் பார்க்காம போட்டேன்னு பிரிச்சு வைம்மா."

முதல் அட்டையை எடுத்தேன். இரண்டாவதை எடுத்தேன். பத்தாவதையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் என் கையெழுத்து. எது நிஜம், எது பொய் என்று எனக்கே தெரியவில்லை.