கல்யாணத்துக்கு மட்டும் பைலா

போன வாரம் ஒரு சாவு. திருமங்கலம் ரோட்டில் இருக்கிற இலங்கை அகதிகள் முகாமில். ஜோராக வாசித்துக்கொண்டிருந்த மேளத்தை, இறந்தவருடைய மகளே எழுந்து வந்து நிறுத்தினாள்.

மதுரைப் பக்கம் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சாவுக்கு மேளம் வரவில்லை என்றால் சண்டை வரும். வந்தது போதாது என்றாலும் சண்டை வரும். வந்த மேளத்தை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

சொன்னாள். அதற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். வழக்கமான அரட்டையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

இறந்தவர் ரொனால்ட். திருநகரில் என் வீட்டு ஜன்னல்களைச் செய்து கொடுத்த கார்பென்டர். மட்டக்களப்புக்காரர். அங்கே ‘பறங்கியர்’ என்று ஒரு சின்ன சமூகம். எப்போதோ கப்பலில் வந்த போர்ச்சுக்கீசியர்கள் அந்த ஊரிலேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள் அல்லவா… அவர்களுடைய வாரிசுகள். வெளியே நல்ல தமிழ். வீட்டுக்குள் உடைந்த போர்ச்சுக்கீசியம். தொழில் பெரும்பாலும் மரவேலை.

முகாமில் பதிவு செய்த அதிகாரி இவர் பெயரைக் கேட்டுவிட்டு, ‘நீ தமிழனா, வெள்ளைக்காரனா?’ என்றாராம். ‘ரெண்டும்தான் சேர். அதாலதான் ரெண்டு பக்கமும் அடி’ என்றாராம் இவர். என்னிடம் இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி ஊரிலேயே இறந்துவிட்டார். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சின்னப் பெண் ஸ்டெல்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறியவர். கூடவே ஒரு மேண்டலின். அதில் அவர் வாசித்தது பைலா.

பைலா தெரியாதவர்கள் நம் தலைமுறையில் உண்டா? இலங்கை ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மத்தியானச் சோற்றில் ரசம் ஊற்றும்போது தகிட தகிட என்று ஒரு பாட்டு துள்ளிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை புரியாது. கால் மட்டும் ஆடும். சாப்பிடும்போது என்னடா ஆட்டம் என்று வீட்டில் திட்டு விழும்.

அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது என்று ரொனால்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்ச்சுக்கீசியன் கித்தாரையும் வயலினையும் கொண்டுவந்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகவும் சிப்பாயாகவும் இழுத்து வந்த ஆட்களை இறக்கிவிட்டான். அவர்கள் கையில் ஒன்றும் இல்லை, தாளத்தைத் தவிர. இரண்டும் தீவில் கலந்தது. மரத்தின்மேல் இழைப்புளியை ஓட்டிக்கொண்டே இதைச் சொன்னார். ‘கடல் கடந்து கொண்டுவந்து விட்டவங்கட பாட்டு சேர் இது. அதாலதான் என்னோடயும் வந்திட்டுது’ என்றார்.

மதுரை அந்தப் பாட்டை உடனே தத்து எடுத்துக்கொண்டது. சிம்மக்கல்லில் செல்வம் என்று ஒரு பையன். பகலில் மொத்தக் கடையில் மூட்டை இறக்குவான், சாயங்காலம் டிரம்ஸ் வாசிப்பான். சின்னதாக ஒரு மேளக் குழு வைத்திருந்தான். மரக்கடை வாசலில் ரொனால்ட் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, ‘அண்ணே, இது நம்ம குத்துக்குச் சித்தப்பா மகன்ணே’ என்று பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு திருவிழாக் கச்சேரிகளில் ரொனால்டுடைய மேண்டலினுக்குத் தனி விசில். சாயந்திரம் முகாமில் ஆஜர் கொடுக்க வேண்டும் என்பதால் பாதியில் கிளம்பிவிடுவார். அதற்காகவே கச்சேரியைச் சீக்கிரம் ஆரம்பித்தார்கள் என்றால் பாருங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர் வரமாட்டார். செல்வத்தின் குழு சாவு வீடுகளுக்கும் வாசிக்கப் போகும். எவ்வளவு கெஞ்சினாலும் ரொனால்ட் அங்கே கால் வைக்கமாட்டார். முகாம் ஆள், போலீஸுக்குப் பயப்படுகிறார் என்று செல்வம் நினைத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டிருக்கலாம்.

இந்த ஆவணியில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பசுமலைப் பையன் சாம். கம்ப்யூட்டர் சென்டரில் பழக்கம். பையனின் அம்மா பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். முகாம் பெண்ணா என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். அவர்தான், ‘பொண்ணு நல்ல பொண்ணு. வேறென்ன வேணும் உங்களுக்கு?’ என்று எல்லார் வாயையும் அடைத்தவர். நல்ல மனுஷி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருவதைப் படித்துவிட்டு அவரைத் திட்டுவீர்கள்.

ரொனால்ட் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு வழக்கம். மோதிரம் மாற்றி, சர்ச்சிலிருந்து வந்ததும், எல்லார் முன்னாலும் பைலா வாசிப்பார்கள். மணப்பெண் முதலில் தன் அப்பாவோடு ஆட வேண்டும். ஆடிக்கொண்டே வந்து, பாட்டு முடிகிற இடத்தில், அப்பா அவள் கையை மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். நமக்குத் தாரை வார்ப்பது மாதிரி. அது நடந்தால்தான் பெண்ணைக் கொடுத்ததாகக் கணக்கு. அவருடைய மனைவியின் கையும் அப்படித்தான் அவரிடம் வந்ததாம்.

சம்பந்தியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணப் பெண், சபையில், சேலையோடு… அதுவும் அப்பாவோடு ஆடுவதா? ஏற்கெனவே சொந்தக்காரர்கள் குறை கண்டுபிடிக்கக் காத்திருக்கிறார்கள். பாஸ்டர் வேறு உட்கார்ந்திருப்பார். ‘டான்ஸ் கீன்ஸ் எல்லாம் நம்ம பக்கம் ஆகாதுங்க. தப்பா நெனைச்சுக்கிறாதீங்க’ என்றார். ரொனால்ட் தப்பாக நினைக்கவில்லை. பெண்ணை எடுத்துக்கொள்கிறார்களே என்ற நன்றி அவர் வாயைக் கட்டிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். மதுரையில் நாம் கல்யாணத்துக்கு ஆடுகிறோமா? பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டு, பந்தி எப்போது போடுவார்கள் என்று எட்டிப் பார்க்கிறோம். ஆட்டமெல்லாம் சாவுக்குத்தான். பாடைக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்ன ஆட்டம்! பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இது விசித்திரம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ரொனால்ட் சொல்லித்தான் தோன்றியது.

கல்யாணம் ஒழுங்காக நடந்தது. பாட்டு இல்லை. ரொனால்ட் கோட்டு போட்டுக்கொண்டு பந்தியில் ஒவ்வொருவரிடமும் போய், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று உபசரித்தார். கிளம்பும்போது ஸ்டெல்லா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். எந்தப் பெண்தான் அழவில்லை என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வாரம் அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை என்று வீட்டுக்கு வந்தார். காபி குடிக்கும்போதுதான் அந்த வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொன்னார். பிறகு, ‘மறுவீட்டுக்கு வருவாதானே சேர். அப்ப எங்கட வீட்டில ஆடுவம். அதில ஆரும் குறை சொல்லேலாது’ என்றார். முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம்.

மறுவீடு முகாமில் நடக்கவில்லை. வெளியாட்கள் வந்து போக அனுமதி வாங்க வேண்டும். பத்துக்குப் பத்து வீடு, மேலே தகரம். சம்பந்தியம்மா இதையெல்லாம் யோசித்து, ரொனால்டுக்கு எதற்குச் சிரமம் என்று, விருந்தைப் பசுமலையில் தன் வீட்டிலேயே வைத்துவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். ரொனால்ட் வாழைப்பழச் சீப்போடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சரி, கிறிஸ்துமஸுக்கு வருவாள் என்றார். முகாமில் வாசலுக்கு வாசல் ஸ்டார் கட்டினார்கள். அவர் மூங்கில் சீவிச் செய்த ஸ்டார்தான் எல்லாவற்றிலும் பெரிசு. அதைக் கட்டின இரண்டாம் நாள், பட்டறையில், மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் போனபோது பெட்டியை வாசலில் வைத்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் சேர்ந்து செய்த நல்ல தேக்குப் பெட்டி. ஸ்டெல்லா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகாமே கூடியிருந்தது. ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஒப்பாரிகூடத் தணிந்த குரலில்தான்.

அப்போதுதான் செல்வம் வந்து இறங்கினான், முழு செட்டோடு. ‘அண்ணனை ஊமையாவா அனுப்புவோம்?’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரம்ஸை மாட்டினான். வாசித்தது எதை? ரொனால்ட் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பைலாவை. அண்ணனுக்கு அண்ணனுடைய பாட்டு… இதைவிடப் பெரிய மரியாதை மதுரையில் கிடையாது. பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். செல்வத்துக்குக் கண்ணீர் தாடையில் வழிகிறது, கை மட்டும் தப்பாமல் அடிக்கிறது. முகாம்காரர்கள் மட்டும் சுவரோடு சுவராக ஒண்டி நின்றார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

ஸ்டெல்லா எழுந்தாள். நேரே செல்வத்தை நோக்கி நடந்தாள். அவள் ஆடப் போகிறாள் என்று நினைத்தேன். கதைகளில் அப்படித்தானே வரும்? அவள் உள்ளங்கையை டிரம்ஸின் தோல்மேல் வைத்தாள். மேளம் நின்றது.

‘வேணாம் அண்ணே. இத நாங்க சாவுக்கு வாசிக்கிறல்ல’ என்றாள்.

செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் ஏன் ஒரு சாவு வீட்டுக்கும் வரவில்லை என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ‘தெரியாதும்மா… எனக்குத் தெரியாது’ என்று அந்தப் பையன் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். பாவம், அவன் செய்த தப்பு பாசம் வைத்ததுதான்.

அந்த நேரத்தில் சம்பந்தியம்மா முன்னே வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மருமகளின் தோளை அணைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

‘வாசிக்கட்டும் ஸ்டெல்லா. அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டுத்தானே. நீ வேணும்னா ஆடிக்கோம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரும் சொல்ல மாட்டாங்க.’

மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் தன் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அதைச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? ஸ்டெல்லா கோபப்படவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி, மெதுவாகத்தான் சொன்னாள்.

‘அண்டைக்கு, கல்யாணத்துக்குக் கேட்டம் அத்தை. இனி ஆரோட ஆடுறது?’

பெட்டியைத் தூக்கினார்கள். செல்வம் டிரம்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு முனைக்குத் தோள் கொடுத்தான். பையன்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஒரு வேட்டு இல்லை, ஒரு விசில் இல்லை. மதுரைக்காரர்கள் இவ்வளவு அமைதியாக நடந்து நான் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா கல்லறை வரைக்கும் ஸ்டெல்லாவின் கையை விடவில்லை.

தை மாசம் முகூர்த்தம் நிறைய இருக்கிறதாம். மேடைக்குக் கீழே பெண்ணைப் பெற்றவன் தயங்கித் தயங்கி ஒரு பாட்டுப் போடச் சொன்னால்… யோசிக்காதீர்கள், போட்டுவிடுங்கள்.