அத்தானைக் காட்டிக்கொடுத்தவர்

எங்கள் அத்தானை அவருடைய உற்ற நண்பர் பேராசிரியர் லூக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் என் மரக்கறிக் கடைக்கு வந்த தமிழர் எல்லோருக்கும் கத்தரிக்காயோடு அதையும் கொடுத்தனுப்பினேன்.

அத்தான் பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். தகப்பனாரைக் கடலில் இழந்து, தாயாரின் தையல் உழைப்பில் படித்து, மொன்றியலுக்குக் கணிதப் பேராசிரியராக வந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்த எங்கள் அக்காவை மணந்தார். முடிச்சுகளின் கணிதம் அவர் துறை. சிக்குண்ட இரண்டு கயிறுகளும் உண்மையில் ஒரே முடிச்சுத்தானா என்று கண்டறிவது.

"இழுத்து அவிட்டுப் பாத்தால் தெரியும்தானே அத்தான்?"

"ஓம் மச்சான். எப்ப நிப்பாட்டிறது எண்டதுதான் பிரச்சினை" என்றார், அக்காவிடம் கற்ற தமிழில்.

புது நூற்றாண்டு பிறந்த கையோடு, அந்தக் கேள்விக்கு விடை கண்டதாக அவர் எழுதிய நிறுவலுக்குப் பிரான்சில் பெரிய பரிசு கிடைத்தது. பங்குக் கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தியது நான்தான். அடுத்த வருடமே நிறுவலில் ஓட்டை என்று செய்தி வந்தது. பொலிஸ் வரும், பரிசுப் பதக்கத்தைப் பறிக்கும் என்று பயந்து, அக்கா வீட்டு அலுமாரியிலிருந்து அதை எடுத்து என் உருளைக்கிழங்குப் பெட்டிக்குள் ஒளித்தேன். அதைத் தேடி வந்தவர் ஒருவருமில்லை. கிழங்கு வாங்க வந்த ஓர் இத்தாலிய அம்மாதான் அதையும் சேர்த்துத் தராசில் வைத்தார்.

நிறுவலை முழுதாகப் படித்தவர் லூக் ஒருவரே என்று அத்தான் முன்பு சொல்லியிருந்தார். முகமூடி போட்டவன் தலையாட்ட, இராணுவம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதை ஊரில் பார்த்து வளர்ந்த எனக்கு அது போதும்.

அத்தான் ஒருவரையும் நோகவில்லை. நோயில் விழும்வரை அந்த ஓட்டையை அடைக்கவே பாடுபட்டார். படுக்கையில் கிடந்தபோது லூக் கிழமைதோறும் வந்தார். தேத்தண்ணி கொடுக்காமல் நான் வஞ்சம் தீர்த்தேன்.

அடக்க நாளில் பெட்டி தூக்க லூக் முன்னே வந்தார். மறித்தேன்.

"காட்டிக்குடுத்தவன் தோள் குடுக்கக்கூடாது!"

"விசரா, கையை எடு" என்ற அக்கா, என் காதுக்குள் நடந்ததைச் சொன்னார். விலகினேன். லூக் அழுதபடி தோள் கொடுத்தார்.

"உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்னட்டை மட்டும் ஏனக்கா மறைச்சனீங்கள்?"

"அவர்தான் சொல்லாதை எண்டவர். பொன்னாடை போத்தினவன், தாங்கமாட்டான் எண்டு."

அத்தான், தாங்கியிருப்பேன். ஒரு கிழமை கத்தியிருப்பேன், பிறகு தாங்கியிருப்பேன். அந்த மனவருத்தம் இன்னும் ஆறவில்லை.

அத்தானைப் பராமரித்த தாதியருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. லூக்குக்கு நன்றியோடு, நான் கொடுக்காத தேத்தண்ணி எல்லாம் கடன்.

என் கடையில் கதை கேட்டுப்போன அனைவரும் அறிய: பிழையைக் கண்டுபிடித்தது அத்தான். லூக் தடுத்தும் கேளாமல், கணிதர்கள் கூடிய சபையில் எழுந்து அதைச் சொன்னதும் அத்தான்.