ஆறவிடாத பேஸ்ட்

இன்று காலை பிரஷ்மேல் பேஸ்டைப் பிதுக்கிய நேரம் பார்த்து போன் வந்தது. பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தால், வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. உங்களுக்கு இதில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. நான் நாலு வருஷம் அதன் உப்பைத் தின்றவன்.

அதன் குணம் அப்படி. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஆனால் போட்டுக் கலக்கிவிட்டால் உள்கட்டு தளர்ந்துவிடும். பழைய கெட்டி திரும்ப அரைமணி நேரமாவது சும்மா விட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பேஸ்ட் கம்பெனி. நான் லேபில் இருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன். உடம்பெல்லாம் புதினா வாசனை. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், பத்து முறை பல் துலக்கிவிட்டு வருகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

கலவைத் தொட்டி எஸ்தர் அக்காவின் பொறுப்பு. எளாவூர்க்காரர். முன்பு நாற்று நடப் போனவர், அப்போது காண்ட்ராக்டில் இருந்தார். நான் சொல்லும் மாதம் அவருக்கு வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. ஒவ்வொரு தொட்டி முடிந்ததும் ஒரு டம்ளர் பேஸ்ட் எடுத்து ஓரமாக வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து அதைத் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடிப்பார். ஒருநாளும் விழுந்ததில்லை.

அந்த மாதம் ஒருநாள் கேன்டீனில் பிரியாணி. எனக்கு அவசரம். லேபுக்குக் கிண்ணத்தில் வந்த பேஸ்டில் குமிழி இருந்தது. ஸ்பூனால் நன்றாகக் கலக்கி, ஆறவிடாமல் அப்படியே மிஷினில் வைத்தேன். கெட்டி போதவில்லை என்று காட்டியது. சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். கெட்டிக்கான பவுடரைக் குறைத்துப் போட்டுவிட்டார் என்று சூப்பர்வைசர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"அளந்துதான் சார் போட்டேன். தம்பி கலக்கிட்டு அப்டியே வச்சிருக்கும். கொஞ்ச நேரம் உட்டுப் பாருங்க."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

"ரூல்படிதான் சார் பண்ணேன்" என்றேன்.

பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது மேஜைமேல் அதே கிண்ணம். கவிழ்த்துப் பார்த்தேன், துளி அசையவில்லை. மறுபடி மிஷினில் வைத்தேன். எண் சரியாக வந்தது. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாயந்திரம் அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். கேட் அருகே என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்கா."

கம்பெனி போய் இப்போது அங்கே ஏதோ குடோன். போன மாதம் எளாவூர் போயிருந்தேன். செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் அக்காவின் பெயரையும் தெருவையும் சொல்லி விசாரித்தேன்.

"எந்த எஸ்தரு நைனா? ரோடு போட சொல்லோ அந்தத் தெருவே பூட்ச்சே. யாரு எங்க போனாங்கன்னு இன்னா கண்டோம்?"

நீங்கள் போட்ட அளவு சரியாகத்தான் இருந்தது அக்கா என்று ஒரு வரி சொல்லத்தான் போனேன். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.