கல்லால் செய்த எலும்பு ஊசி

என் வீட்டுக்காரர் வேலந்தாவளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அரம், ஆக்சா பிளேடு, டிரில் என்று அறுக்கவும் துளைக்கவும் அங்கே இல்லாத சாமான் இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், "உங்க கடைச் சாமான் ஒண்ணையும் தொடாம எலும்புல ஊசி செய்யோணுங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வம்பு என் வாயால் வந்ததுதான். மீனாட்சிபுரத்தில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கற்கால மனிதர்கள் எலும்பையும் மான்கொம்பையும் கல்லாலேயே செதுக்கி ஊசி செய்தார்கள் என்றதும் ஒரு பிள்ளையும் நம்பவில்லை. "வெறும் கல்லை வெச்சு நானே செஞ்சு, திங்கட்கிழமை தெச்சுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். மான்கொம்பை வீட்டில் வைத்தால் வனத்துறை வாசலில் வந்து நிற்கும். அதனால் ஆட்டெலும்பு.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவர் குடித்த நல்லி சூப்பில் மிச்சமான எலும்பை எடுத்துவைத்தேன். வயலோரம் கிடந்த வெங்கச்சங்கல்லை உடைத்தால் கத்தி போலச் சில்லு கிடைக்கும். அந்தச் சில்லால் நாலு இழுப்பு இழுத்ததுமே எலும்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. குக்கரில் விசில் மேல் விசில் விட்டு அதன் உயிரையே எடுத்திருந்தேன்.

"அந்தக் காலத்துல குக்கர் இருந்துச்சுங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டார். கிண்டல் செய்தவர்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் வேகாத கால் எலும்பு வாங்கிவந்தார்.

அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீளவாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு கீறினோம். உள்ளே மஜ்ஜை தெரியும்வரை கீறி, இரண்டுக்கும் நடுவில் நின்ற குச்சியை நெம்பி எடுத்தோம். எங்கள் வீட்டுச் சாமான்களில் அனுமதி கிடைத்தது அம்மிக்கல்லுக்கு மட்டும். அதில் தேய்க்கத் தேய்க்க முனை கூர்மையானது. கடை திறக்கும் நினைப்பே அவருக்கு இல்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்த அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது.

சாயங்காலம் ஊசிக்குக் காது துளைக்கும்போது ஓரம் உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போதுங்க. டிரில்லுல ஒரு ஓட்டை போட்டுக் குடுத்துருங்க. புள்ளைங்களுக்குத் தெரியவா போகுது?"

அவர் எழுந்திருக்கவில்லை. "கல்லுலதான் செய்வேன்னு சொல்லிட்டு வந்தவ நீ. நாளைக்கு அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பாக்க வேண்டாமா?"

உடைந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, கொஞ்சம் கீழே தள்ளி, புதுச் சில்லின் முனையை வைத்துத் திருகித் திருகி இரண்டு பக்கமிருந்தும் துளைத்தார். காது உடைந்த ஊசிக்குக் கற்கால மனிதர்களும் இப்படித்தான் மறுகாது போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். சொன்னதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஊசி சாக்குத்துணிக்குள் போய் நூலோடு மறுபக்கம் வந்தது. ஒரே கைதட்டல். அது அடங்கியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"முழுசும் கல்லாலதானா டீச்சர்? சத்தியமா?"

முந்தின நாள் சாயங்காலம் அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் என் கதி என்ன?

"சத்தியமா, கண்ணு" என்றேன், அவள் முகத்தை நேராகப் பார்த்து.