ஆனை வரும் காட்சி

கூடலூர் பக்கம், காடு பார்க்க வருகிறவர்களுக்குச் சின்னதாக ஒரு படம் போட்டுக் காட்டுவார் அவர். ஒல்லியான உடம்பு, காதை மூடிய மஃப்ளர். மழை விடாததால் நான் அதை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் படத்தில் யானைகள் வந்ததுமே அவர் வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

“ஏனுங்க, நல்ல காட்சியாச்சே?” என்றேன்.

“அதுக்கு முன்னால ஒருத்தி தேயிலை பறிச்சுக்கிட்டே சிரிக்கறாளே, அவ என் ஊட்டுக்காரிங்க. படம் எடுத்த அடுத்த வருசம் ஆனை மிதிச்சுப் போயிட்டா. அவளைப் பாக்கத்தானுங்க இந்த வேலைக்கே வந்தேன்.”

உள்ளே யானைகளுக்குக் கைதட்டினார்கள்.

“தட்ட வேண்டாம்னு சொல்லலாமே?”

“ஊர் சுத்த வந்தவங்க. சந்தோசமா பாத்துட்டுப் போகட்டுங்க” என்று சொல்லிவிட்டு, படம் முடிந்ததும் அடுத்த கூட்டத்தை உள்ளே அழைத்தார்.

ஒரு சிரிப்புக்காக அத்தனை கைதட்டலையும் அவர் எப்படித் தாங்கினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.