கங்காணியம்மா என்ற மரியாதை

சிரித்துக்கொண்டே மரியாதை செய்கிறவர்களை நான் இன்றுவரை நம்புவதில்லை. அந்தப் புத்தி எனக்குக் கண்டிக்குப் பக்கத்துப் பன்விலவில், தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது.

அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. எங்கள் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் அவருடைய ஆட்கள். கடைசிக் காலத்தில் அவர் கண்டி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அப்போது விடியற்காலையில் ஆட்களைப் பேர் எடுக்கும் பிரட்டுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும், எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிட்டதும் அம்மாதான். நானும் அதே கூட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு, “அவளே பார்க்கட்டும்” என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். வேலை அம்மாவுக்கு வந்துவிட்டது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பெண் ஒருத்தி கங்காணியாக இருந்து எவரும் பார்த்ததில்லை. ஒரு வருடத்தை ‘ஏங்க’, ‘இந்தாங்க’ என்றே ஓட்டினார்கள்.

கங்காணியின் மனைவி என்றால் கங்காணியம்மா; அப்பா இருந்தவரை அம்மாவுக்கும் அதுதான் பேர். கணக்கப்பிள்ளையின் மனைவி கணக்கப்பிள்ளையம்மா. துரையின் மனைவி துரைசாணி. அந்தத் துரைசாணி எந்த ஆளுக்கும் வேலை சொல்லி நான் பார்த்ததில்லை, நாயைக் கூட்டிக்கொண்டு நடந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

மாரியம்மன் திருவிழா நெருங்கிய சமயம் பெரிய கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கங்காணிகள் எல்லோருக்கும் மேலே அவர். எங்கள் வாசலையே மிதித்தறியாத மனிதர், கண்டியில் வாங்கிய மஸ்கட் அல்வாப் பொட்டலமும் கையுமாக நின்று வாய் நிறையச் சிரித்தார்.

“தங்கச்சி, ஆம்பளையக் கூப்பிடுற மாதிரி ஒங்களக் கங்காணின்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கு? கங்காணியம்மான்னே கூப்பிடுவோம். அதுதான் மரியாத.”

அம்மா தலையாட்டினாள். அவர் அடுத்ததற்கு வந்தார். தேர் புறப்படும் முன் பூசாரி ஒவ்வொரு கங்காணியாக அழைத்துத் தலையில் பரிவட்டத் துணி கட்டுவார். அந்தத் துணி எவர் தலையில் ஏறுகிறதோ அவர் சொல்லுக்குத்தான் ஆட்கள் கட்டுப்படுவார்கள். பெண்ணுக்கு அதைக் கட்டும் வழக்கமில்லை.

“அதுக்கென்ன, ஒங்க கொழுந்தன் நிக்கட்டும். சாமி காரியத்துக்கு மட்டுந்தான்” என்றார்.

கொழுந்தன் என்றது அப்பாவின் தம்பியை, என் சித்தப்பாவை. யாரும் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றிருந்தார். மீசையை அன்றைக்குப் பார்த்து ஒதுக்கிவிட்டிருந்தார்.

அவர்கள் போனதும், “இதுல என்னமோ இருக்கும்மா. நீயே போய்த் தலையக் குடு” என்றேன்.

“தாலியறுத்தவ தேருக்கு முன்னால போய் நிப்பேனா? ஒனக்கு எதுலயும் சந்தேகந்தான். தொர குடுத்த வேலைய ஒரு மொழத் துணி புடுங்கிருமா?”

எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மஸ்கட்டை நான் தொடவில்லை.

திருவிழாவில் பூசாரி “கங்காணி” என்று அழைத்தார். சித்தப்பா குனிந்தார். அம்மா பெண்களோடு பின்னால் நின்று கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் பிரட்டில் அம்மா ஆட்களை மேல்மலைக்குப் போகச் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகத் தலையசைத்த பிறகுதான் நடந்தார்கள். மறுநாளும் இதே கதை. கணக்கப்பிள்ளை துரையிடம் போனார். வேலை நடந்தால் போதும் துரைக்கு. சித்தப்பா கங்காணி ஆனார், அம்மா என் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்துக் கூடையை மாட்டினாள். ஒருவரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை, கங்காணியம்மா கங்காணியம்மா என்று உருகினார்கள். அந்த உருக்கத்தைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பேராவது மிஞ்சுச்சே” என்றாள் அம்மா.

அதுவும் எத்தனை நாளைக்கு என்று நினைத்தேன்.

பிறகொரு காலை, மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்க வரிசையில் நின்றோம். “கங்காணியம்மாவுக்கு வழி விடுங்கடி” என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். அம்மா குடத்தோடு முன்னால் போனாள். பெண்கள் ஒதுங்கியது அவளுக்கு அல்ல. பின்னால் சித்தப்பாவின் மனைவி, என் சித்தி, வந்துகொண்டிருந்தாள். வந்தவள் நேராகப் போய்ப் பீலிக்கடியில் தன் குடத்தை வைத்தாள்.

குரல் கொடுத்தவள் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. நான் பிறந்தபோது வெந்நீர் வைத்தவள். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க. இனிமே ஒங்கள என்னான்னு கூப்பிடுறது?”

“பேரச் சொல்லிக் கூப்பிடு” என்றாள் அம்மா.

அவள் அம்மாவின் குடத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“ஒங்க பேரு என்னங்க?”